இரண்டு மணி மூன்று நிமிட அழைப்பு

பதிப்பகத்திலிருந்து கையெழுத்துப் பிரதி திரும்பி வந்தபோது ஓரங்களில் நூற்றுப் பதினேழு பென்சில் குறிகள் இருந்தன. ஒற்று விட்டுப்போனது, ஒருமை பன்மை மயங்கியது, ஒரே பத்தியில் ‘பரபரப்பு’ மூன்று தடவை வந்தது. நூற்றுப் பதினாறையும் அக்கா இரண்டே காலைப்பொழுதில் சரிசெய்துவிட்டாள். மிச்சம் ஒன்றுதான். பதினான்காம் அத்தியாயத்தில், ‘அதற்கு முன்பு ஓர் அழைப்பு வந்து துண்டிக்கப்பட்டிருந்தது’ என்ற வரிக்குக் கீழே மெல்லிய கோடு. பக்கத்தில் பொடி எழுத்தில் இரண்டே சொல்: யார் துண்டித்தது?

அக்கா முப்பத்தொரு வருஷம் ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையில் போன் எடுத்தவள். கூட வேலை பார்த்தவர்களில் அவளைவிடப் பெரியவர்களும் ‘கன்ட்ரோல் அக்கா’ என்றுதான் கூப்பிட்டார்கள். ஓய்வுபெற்ற பிறகு கை சும்மா இருக்கவில்லை. ஒரு நோட்டில் எழுதத் தொடங்கினாள், அது மூன்று நோட்டாகி, பிறகு புத்தகமாகும் அளவுக்கு வளர்ந்துவிட்டது. பதிப்பாளர் படித்துவிட்டு, பதினான்காம் அத்தியாயம்தான் புத்தகத்துக்கே உயிர் என்றார்.

இருபத்தாறு வருஷத்துக்கு முன்னால் ஒரு மதியம் நடந்தது அது. ஏழு வயதுப் பெண்குழந்தை ஒன்று போன் செய்கிறது. வீட்டில் அம்மாவும் அவளும் மட்டும். அம்மா கீழே விழுந்து கிடக்கிறாள். ஆம்புலன்ஸ் போய்ச் சேரும்வரை அக்கா அந்தக் குழந்தையோடு போனிலேயே இருக்கிறாள். கதவைத் திறந்து வைக்கச் சொல்கிறாள், அம்மாவின் கையைப் பிடித்துக்கொள்ளச் சொல்கிறாள், குழந்தை அழாமல் இருக்க அதன் கிளாஸ் டீச்சர் பேரெல்லாம் கேட்கிறாள். அம்மா பிழைக்கவில்லை. ஆனால் அக்காவின் நிதானத்தைப் பாராட்டி இலாகா ஒரு சான்றிதழ் கொடுத்தது. அது கூடத்தில் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறது.

“இந்த ஒரு வரிக்கு ஏன் ரெண்டு நாளா மோட்டுவளையைப் பார்த்துட்டு உட்கார்ந்திருக்கே?” என்றார் கணவர். தபால் இலாகாவில் எழுத்தராக இருந்து ஓய்வுபெற்றவர். எந்தச் சிக்கலுக்கும் அவரிடம் தயாராக ஒரு கத்தரிக்கோல் இருக்கும். “அடிச்சுட்டுப் போயேன். ஒரு வரி போனா புத்தகம் இளைச்சா போயிடும்?”

அக்கா அடிக்கப் பார்த்தாள். பேனா வரிக்கு மேலேயே நின்றது. இந்த வரியை யாரும் அவளிடம் கேட்கவில்லை. அது இல்லாமலே அத்தியாயம் முழுசாகத்தான் இருந்தது. பிறகு ஏன் எழுதினாள்? எழுதும்போது கை தன்பாட்டுக்கு எழுதிவிட்டுப் போயிருக்கிறது, வீட்டுக்காரருக்குத் தெரியாமல் கதவைத் திறந்து விடுகிற வேலைக்காரனைப் போல.

கடைசியில் ‘தொழில்நுட்பக் கோளாறால்’ என்று இரண்டு சொல்லைச் சேர்த்து அனுப்பிவிட்டாள். மறுநாள் காலையிலேயே, பென்சில் குறி போட்ட மெய்ப்புத் திருத்தும் பெண்ணிடமிருந்து போன்.

“மேடம், ஒரு சின்ன சந்தேகம். மூணு பக்கம் முன்னாடி, அன்னைக்கு எல்லா லைனும் ஒழுங்கா வேலை செஞ்சுதுன்னு எழுதியிருக்கீங்களே?”

“அப்படியா எழுதியிருக்கேன்?”

“ஆமா. இன்னொண்ணு. தப்பா எடுத்துக்காதீங்க. இந்த அத்தியாயத்துல எல்லா வேலையும் ‘நான்’தான் செய்யறீங்க. நான் கேட்டேன், நான் சொன்னேன், நான் விடல. எண்ணிப் பார்த்தேன், அறுபத்துநாலு ‘நான்’ இருக்கு. இந்த ஒரு வரியில மட்டும் ஆளே இல்ல. படிக்கறவங்களுக்கு உறுத்தும்.”

“உறுத்தட்டும்” என்று சொல்லி அக்கா போனை வைத்தாள்.

அந்தக் குழந்தையின் குரல் இருபத்தாறு வருஷமாக எங்கும் போகவில்லை. எப்போதாவது, பக்கத்து வீட்டு டிவியில் கும்பலாக யாராவது சிரித்தால், அதற்கு அடியிலிருந்து எழும். அம்மா எந்திரிக்க மாட்டேங்குறாங்க. அக்கா எழுந்து ஜன்னலைச் சாத்துவாள், அத்தோடு சரியாகிவிடும். பென்சில் குறி வந்த நாளிலிருந்து ஜன்னலைச் சாத்தியும் பயனில்லை. வங்கியில் வரிசையில் நிற்கும்போது வந்தது. லிஃப்டில் தனியாக இருக்கும்போது வந்தது. பட்டப்பகலில், காய் நறுக்கும்போது, தோளுக்குப் பக்கத்தில் யாரோ எம்பி நின்று சொல்வதுபோல வந்தது. ஒரு மதியம் அவள் வாய்விட்டே பதில் சொல்லிவிட்டாள்.

“யாருகிட்டப் பேசுறே?” என்று கேட்டபடி கணவர் சமையலறைக்கு வந்தார். “ ‘வச்சிடாத, வச்சிடாத’ன்னு சொல்றியே, யாரு?”

அக்கா கத்தியைக் கீழே வைத்தாள். பிறகு இருபத்தாறு வருஷமாக ஒருவரிடமும் சொல்லாததை, பாதி நறுக்கிய காய்க்கு முன்னால் நின்றபடியே சொன்னாள்.

அப்போது பள்ளி விடுமுறைக்காலம். பிள்ளைகள் பொழுதுபோகாமல் அவசர எண்ணைக் கூப்பிட்டுச் சிரித்துவிட்டு வைப்பார்கள். அன்று காலையில் மட்டும் அப்படி ஒன்பது அழைப்பு வந்திருந்தது. யார் எங்கிருந்து கூப்பிடுகிறார்கள் என்று காட்டும் வசதி அப்போது இல்லை. இரண்டு மணி மூன்று நிமிடத்துக்குப் பத்தாவது அழைப்பு. “அம்மா எந்திரிக்க மாட்டேங்குறாங்க” என்றது ஒரு குழந்தை. அதற்குப் பின்னால் ஒரு கும்பல் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தது. அக்காவுக்குச் சுரீர் என்று கோபம் வந்துவிட்டது. “விளையாடறதுக்கு வேற எடம் கிடைக்கலையா? இன்னொரு தடவை கூப்பிட்டா போலீஸ் உன் வீட்டுக்கு வரும்” என்று சொல்லி வைத்துவிட்டாள். பதிவேட்டில் ‘பேச்சற்ற அழைப்பு’ என்று எழுதினாள்.

இரண்டு மணி பதினான்கு நிமிடத்துக்கு மறுபடி போன். அதே குழந்தை, இந்தத் தடவை ரகசியம் பேசுவதுபோல: “போலீஸை அனுப்பாதீங்க. அம்மா மூக்குல ரத்தம் வருது.” அதே சிரிப்பும் பின்னால் கேட்டது. அது டிவி.

“அதுக்கப்புறம் நான் பேசினதெல்லாம் நிஜம்தான்” என்றாள் அக்கா. “கையைப் பிடிச்சுக்கச் சொன்னது, டீச்சர் பேர் கேட்டது எல்லாம் நிஜம். ஆனா அந்தப் பதினோரு நிமிஷம் என்னோடது.”

கணவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பிறகு, “விசாரணை வச்சாங்களே?” என்றார்.

வைத்தார்கள். ஓர் உயிர் போயிருந்தது, யார்மேலாவது பழி போட்டாக வேண்டும். பதினைந்து நிமிடத்துக்குள் போய்ச் சேர வேண்டிய வண்டி பதினெட்டு நிமிடத்தில் சேர்ந்திருந்தது. மூன்று நிமிடம் ஓட்டுநர் கணக்கில் எழுதப்பட்டது. ‘சாலையைத் தோண்டிப் போட்டிருந்தார்கள், சுற்றிப் போனேன்’ என்றார் அவர். நம்பவில்லை, வேலையை விட்டு நீக்கினார்கள். விசாரணை அதிகாரி அக்காவிடமும் ஒரு கேள்வி கேட்டார்: “குழந்தை முன்னாடியே ஒரு தடவை கூப்பிட்டதா, யாரோ திட்டினதா சொல்லுதே?” அக்கா சொன்னாள்: “பயத்துல ஏதோ உளறுது சார். குழந்தைதானே.”

புத்தகத்தில் அந்த ஓட்டுநரைப் பற்றி ஒரே வரிதான் எழுதியிருந்தாள். ‘வண்டி வழியில் எங்கோ நின்றிருக்க வேண்டும்.’ யார் நிறுத்தியது என்று அந்த வரியிலும் இல்லை. அதை மெய்ப்புத் திருத்தும் பெண் கவனிக்கவில்லை. அக்கா இப்போது கவனித்தாள்.

ஓட்டுநரைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. வாயைத் திறந்தால் இரண்டு தெருவுக்குக் கேட்கும் என்பதால் அவருக்கு ‘சைரன்’ என்று பட்டப்பெயர். ஊரின் மறுகோடியில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறார் என்று பழைய சகா ஒருவர் சொன்னார். அக்கா போனபோது அவர் மைதான ஓரத்தில், பயிற்சிக் காருக்குள் உட்கார்ந்து மாணவருக்காகக் காத்திருந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. குரல் மட்டும் அப்படியே இருந்தது.

“அட, கன்ட்ரோல் அக்கா! என்ன, இந்த வயசுல லைசென்ஸ் வேணுமா? ஏறுங்க, ஏறுங்க!”

அவள் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தாள். காலடியில் பயிற்சியாளருக்கான இரண்டாவது பிரேக் இருந்தது. அவர் முகத்தைப் பார்த்தால் சொல்ல வராது என்று அதையே பார்த்தபடி சொல்லி முடித்தாள்.

சைரன் எஞ்சினை அணைத்தார். அவர் மெதுவாகப் பேசி அக்கா அதற்கு முன்பு கேட்டதில்லை.

“எத்தனை நிமிஷம்?”

“பதினொண்ணு.”

“என்மேல மூணு போட்டாங்க.” ஸ்டீயரிங்கை விரலால் தட்டிக்கொண்டே இருந்தார். “பரவாயில்லைன்னு சொல்ல மாட்டேன் அக்கா. என் பொண்டாட்டி கடைசிவரைக்கும் என்னை அரைச் சந்தேகத்தோடதான் பார்த்தா. வழியில நின்னிருப்பேனோன்னு. அவ போயி ஆறு வருஷம் ஆச்சு. இப்ப யாருகிட்டப் போயி நான் நிக்கலைன்னு சொல்றது?”

“தப்பு என்னோடது. எல்லாத்தையும் எழுதப்போறேன். இலாகாவுக்கும் கடிதம் போடறேன்.”

“போடுங்க. என் பேரைப் போட்டே எழுதுங்க. ஒளிச்சு மறைச்சு வேணாம்.” சட்டென்று அவள் பக்கம் திரும்பினார். “ஆனா என்கிட்ட வந்து நிக்கறீங்களே, அந்தப் புள்ளைகிட்டப் போனீங்களா?”

“அவ சின்னக் குழந்தை. மறந்திருப்பா.”

“மறந்திருப்பாளா? நான் ஒரு வருஷம் கழிச்சு அந்த வீட்டுக்குப் போனேன் அக்கா, மன்னிப்புக் கேக்கலாம்னு. அவங்கப்பா வாசல்ல நின்னு சொன்னார், ‘உன்னை என்னத்தைச் சொல்றது? நீ மூணு நிமிஷம். ரெண்டு மணிக்கு இவ அம்மா விழுந்த சத்தம் கீழ்வீட்டுக்குக் கேட்டிருக்கு. இவ டிவி பார்த்துக்கிட்டு பதினாலு நிமிஷம் கழிச்சுத்தான் போன் பண்ணியிருக்கா’ன்னு. அந்தப் புள்ள அவர் பின்னாடியே நின்னு கேட்டுக்கிட்டு இருந்துச்சு. அதோட மூஞ்சியை நான் இன்னைக்கு வரைக்கும் மறக்கல.”

அக்கா தன்னைத் தேடி வந்துகொண்டிருந்த குரலை, தனக்கு விதித்த தண்டனை என்றே இத்தனை வருஷமும் நினைத்திருந்தாள். தண்டனையை வேறொருத்தி அனுபவித்துக்கொண்டிருந்தாள் என்பது தோன்றவே இல்லை.

அந்தப் பெண் இப்போது ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பவள். அவள் எங்கே இருக்கிறாள் என்று தூரத்திலிருந்தே விசாரித்து வைத்திருந்த சைரன்தான் முகவரியும் கொடுத்தார். அக்கா மூன்று தடவை கடை வாசல்வரை போய்த் திரும்பினாள். நான்காவது தடவை உள்ளே போனாள். வரவேற்பிலிருந்தவர் கேட்காமலே ஒரு சீட்டைக் கையில் கொடுத்துப் பின்னறைக்கு அனுப்பிவிட்டார்.

சின்ன அறை, விளக்கு அணைந்திருந்தது. சுவரில் எழுத்துகள் மட்டும் வெளிச்சமாக இருந்தன. முப்பத்து மூன்று வயது மதிக்கத்தக்க ஒருத்தி, தலைமுடியை இறுக்கி முடிந்திருந்தாள்.

“உட்காருங்கம்மா. தூரம் மங்கலா இருக்கா, கிட்டக்கவா?”

“நான் கண்ணு பார்க்க வரலம்மா” என்றாள் அக்கா.

அந்தப் பெண் கையிலிருந்த வில்லையைத் தட்டில் வைத்தாள். அப்புறம் அசையவே இல்லை.

“இன்னொரு தடவை பேசுங்க” என்றாள்.

“என்னம்மா?”

“ ‘அம்மா கையைப் பிடிச்சுக்கோ கண்ணு’ன்னு சொல்லுங்க.”

அக்காவால் சொல்ல முடியவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை.

“நீங்கதான்” என்றாள் அந்தப் பெண். அவள் முகம் மலர்ந்ததுதான் அக்காவால் தாங்க முடியாததாக இருந்தது. “உங்களைப் பார்க்கணும்னு எத்தனை நாள் நினைச்சிருக்கேன் தெரியுமா? அன்னைக்கு எனக்கு நல்லா நினைவிருக்கறது உங்க குரல் ஒண்ணுதான்.”

அப்படியே எழுந்து போய்விடலாம். நன்றியை வாங்கிக்கொண்டு, தலையைத் தடவிவிட்டுப் போய்விடலாம். ஒரு கணம் அக்காவின் கால்கள் அதற்குத் தயாராகவும் ஆகின.

“முதல்ல ஒரு தடவை கூப்பிட்டியே” என்றாள். “அப்ப ஒருத்தி திட்டினாளே.”

முகத்திலிருந்த மலர்ச்சி மெல்ல வடிந்தது. “அது நடக்கவே இல்லைன்னு சொன்னாங்க. நானா கற்பனை பண்ணிக்கிட்டேன்னு. அப்பா, அத்தை, டாக்டர், எல்லாரும். எனக்கே அப்படித்தான் ஆயிடுச்சு. ரெண்டு பேர் பேசின மாதிரி நினைவு. ஒருத்தங்க கெட்டவங்க, ஒருத்தங்க நல்லவங்க. கெட்டவங்களை நான்தான் உண்டாக்கிக்கிட்டேன், டிவி பார்த்ததை மறைக்க.”

“ரெண்டு பேர் இல்லம்மா. ஒருத்திதான். ரெண்டு தடவையும் எடுத்தது நான்தான். முதல் தடவை நான்தான் போனை வச்சேன். போலீஸ் வரும்னு மிரட்டினதும் நான். விசாரணையில நீ உளறுறேன்னு சொன்னதும் நான்.”

அடுத்த அறையில் யாருக்கோ கண்ணாடிச் சட்டம் பொருத்திப் பார்க்கும் சத்தம் கேட்டது. அந்தப் பெண் அழவில்லை. சுவர் எழுத்துகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“மேசைக்கு அடியில உட்கார்ந்திருந்தேன்” என்றாள், யாருக்கோ சொல்வதுபோல. “போலீஸ் வந்தா தெரியாம இருக்கணும்னு. அப்ப நான் டிவி பார்க்கல. மேசைக்கு அடியிலதான் இருந்தேன். அது நிஜம்.”

“நிஜம்தான்.”

“இப்ப ஏன் வந்தீங்க?”

“புத்தகம் எழுதறேன். அதுல...” என்று தொடங்கிய அக்கா, அந்த வார்த்தை எவ்வளவு கேவலமாக ஒலிக்கிறது என்று உணர்ந்து நிறுத்தினாள்.

“ஓ” என்றாள் அந்தப் பெண். எழுந்து விளக்கைப் போட்டாள். வெளிச்சத்தில் இருவருக்குமே கண் கூசியது. “என்னைப் போடாதீங்க. என் அம்மா விழுந்தது, ரத்தம் வந்தது, நான் அழுதது, எதையும் போடாதீங்க. நீங்க செஞ்சதை மட்டும் எழுதிக்குங்க. அதுதான் உங்களோடது.” கைப்பையை எடுத்தாள். “இப்ப என்கூட வாங்க. எங்கப்பாகிட்டச் சொல்லுங்க. நான் சொன்னா நம்ப மாட்டார்.”

அப்பாவுக்கு எழுபது தாண்டியிருக்கும். நாலாம் மாடியில் தனியாக இருந்தார். அக்கா நின்றபடியே சொன்னாள், யாரும் உட்காரச் சொல்லவில்லை. அவர் கேட்டுவிட்டு முதலில் சிரிக்கப் பார்த்தார். பிறகு, “எதுக்கு இப்ப இந்த நாடகம்? புத்தகம் விக்கவா?” என்றார். அந்தக் கேள்வியை அக்காவே தன்னிடம் பஸ்ஸில் கேட்டுக்கொண்டுதான் வந்திருந்தாள்.

“மறுபடி சொல்லுங்க” என்றார். சொன்னாள். “மணி எத்தனை?” என்றார். “ரெண்டு மூணு” என்றாள். “இன்னொரு தடவை” என்றார். மூன்றாவது தடவை சொல்லி முடிப்பதற்குள் அவர் எழுந்து உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

“அப்பா” என்று மகள் கதவைத் தட்டினாள். உள்ளேயிருந்து வாயைத் துணியால் அடைத்துக்கொண்டு அழுகிற ஆணின் சத்தம் வந்தது. அதற்கு நடுவே ஒரே ஒரு வார்த்தை, அவளைச் சின்ன வயதில் கூப்பிட்ட செல்லப்பேராக இருக்க வேண்டும், திரும்பத் திரும்ப வந்தது.

மகள் கதவில் நெற்றியை வைத்து நின்றாள். திரும்பாமலே, “நீங்க போங்க. இனிமே இது எங்க விஷயம்” என்றாள்.

நாலு மாடியும் இறங்கி வந்தபோது தெருவில் நல்ல வெயில். மனசு லேசாகிவிடும் என்று எங்கோ ஓர் ஓரத்தில் எதிர்பார்த்திருந்தாள். லேசாகவில்லை. அப்படி எதிர்பார்த்ததற்கு வெட்கமாக இருந்தது.

பதினான்காம் அத்தியாயம் இருபத்திரண்டு பக்கத்திலிருந்து இரண்டரைப் பக்கமாகச் சுருங்கியது. அதில் குழந்தையின் அழுகை இல்லை, அம்மாவின் ரத்தம் இல்லை. ஓர் அழைப்பு வந்தது, நான் வைத்தேன், பதிவேட்டில் பொய் எழுதினேன், விசாரணையில் பொய் சொன்னேன், ஓர் ஓட்டுநர் என்னால் வேலை இழந்தார், அவர் எங்கும் நிற்கவில்லை, இவ்வளவுதான். பதிப்பாளர் தலையில் கை வைத்துக்கொண்டார். “உயிரையே உருவிட்டீங்களேம்மா!” என்றார். அக்கா ஒரு வரியையும் திருப்பிச் சேர்க்கவில்லை. இலாகா அவள் கடிதத்துக்கு நான்கு மாதம் கழித்து இரண்டு வரியில் பதில் போட்டது, சான்றிதழைத் திருப்பி அனுப்பச் சொல்லி. கணவர் பழைய தபால் இலாகாத் திறமையெல்லாம் காட்டி, கண்ணாடி உடையாமல் கட்டிப் பதிவுத்தபாலில் அனுப்பினார். கூடத்துச் சுவரில் அது மாட்டியிருந்த சதுரம் மட்டும் வெளுப்பாகத் தெரிந்தது. குரல் வருவது நிற்கவில்லை. வந்தால் அக்கா இப்போது ஜன்னலைச் சாத்துவதில்லை, முழுக்கக் கேட்கிறாள்.

சைரன் பத்துப் பிரதி வாங்கித் தன் அண்ணன் தம்பிகளுக்கெல்லாம் கொடுத்ததாகக் கேள்வி. அக்காவை அவர் கூப்பிடவில்லை.

புத்தகம் வந்து கொஞ்ச நாளில் ஒரு நூலகத்தில் கூட்டம் வைத்தார்கள். இருபது பேர் வந்திருப்பார்கள். பேசி முடித்ததும் முன்வரிசையிலிருந்த ஒரு பெண் எழுந்தாள்.

“அந்தப் பதினாலாம் அத்தியாயம். யார் கூப்பிட்டாங்க, அவங்களுக்கு என்ன ஆச்சுன்னு நீங்க எழுதவே இல்லையே? மனசு கேட்கல. இப்ப எப்படி இருக்காங்க?”

“எனக்குத் தெரியும்” என்றாள் அக்கா. “ஆனா அதை நான் சொல்லக்கூடாது.”

அந்தப் பெண் இன்னும் ஏதோ வரும் என்று நின்றுகொண்டே இருந்தாள். வரவில்லை என்றதும் உட்கார்ந்தாள். நூலகர் தொண்டையைச் செருமிக்கொண்டு, வேறு யாருக்காவது கேள்வி இருக்கிறதா என்று கேட்டார். பின்வரிசையில் ஒரு கை உயர்ந்தது.